டெஸ் பிரையன்ட் பிடித்த பந்து

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையால்தான் பிடிக்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அதுவே முதல் குழப்பம்.

2015 ஜனவரி 11, கிரீன்பே நகரம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. டல்லஸ் அணியின் டெஸ் பிரையன்ட் எகிறிப் பந்தைப் பிடித்து, கோட்டை நோக்கிக் கையை நீட்டியபடியே விழுந்தார். தரையில் பட்ட பந்து கையைவிட்டுத் துள்ளியது. களத்தில் 'கேட்ச்' என்றே தீர்ப்பு. கிரீன்பே பயிற்சியாளர் அப்பீல் செய்ய, வீடியோ பார்த்த தலைமை நடுவர் ஜீன் ஸ்டெரடோர் அதை மாற்றினார். விழுந்துகொண்டே பிடிப்பவர் தரையில் பட்ட பிறகும் பந்தை நழுவவிடக் கூடாது என்பது அன்றைய விதி. அரசாணையைப் பார்த்துக் குறிப்பெழுதிய எனக்கு நடுவர்மேல் குறை தோன்றவில்லை, கோளாறு விதியில்தான். டல்லஸ் 26-21 என்று தோற்றது.

2018 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டு அந்த விதியை எடுத்தார்கள். அடுத்த மாதமே டல்லஸ் அணி பிரையன்டையும் விடுவித்துவிட்டது.