திண்ணைப் பள்ளியின் சட்டதிட்டங்கள்

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் முதல் நாளன்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், மணி அடிக்குமுன் வந்து அமரவேண்டும், குறிப்பேட்டை மறவாமல் கொண்டுவர வேண்டும், ஒருவர் பேசுகையில் மற்றவர் குறுக்கிடலாகாது என்று நாலைந்து விதிகளைச் சொல்லிவிட்டுத்தான் சரித்திர பாடத்தைத் தொடங்குவது, நான் உபாத்தியாயராக இருந்த காலமெல்லாம் என் வழக்கம். ஒரு வருஷம் முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இந்தச் சட்டங்களை எல்லாம் முதலில் யார் போட்டார்கள்?" என்று கேட்டாள். சரித்திர வகுப்பில் கேட்கத் தக்க கேள்வி அது. ஆகையால் அன்றைக்குப் பாடநூலை மூடிவைத்துவிட்டு, நம் பாட்டனாருக்குப் பாட்டனார் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லலானேன்.

அந்தப் பள்ளியில் எழுதி ஒட்டிய விதி ஒன்றும் இல்லை. ஆயினும் ஊரார் அனைவருக்கும் அதன் நியதிகள் மனப்பாடம். பொழுது விடியும்போதே பிள்ளைகள் வந்துவிட வேண்டும் என்பது முதல் நியதி. சென்னை மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றிக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் விவரம் கேட்டபோது, பல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்பெல் என்பவர் 1823-இல் எழுதியனுப்பிய அறிக்கையில், இந்த நியதி எப்படிக் காக்கப்பட்டது என்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல விவரித்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு முதலாவதாக வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி, அதாவது புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாவதாக வருபவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் கடைசியாக வந்தவன் கதியை எண்ணிப் பார்க்கலாம். தமிழ் நாட்டுத் திண்ணைகளிலும் முதலில் வருகிறவனுக்கு 'வேத்தான்' என்று ஒரு தனிப் பெயரே இருந்தது.

வந்தவர்கள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகி, கை திருந்திய பிறகே ஓலையையும் எழுத்தாணியையும் தொடுவார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதி நூல்களும், முந்திரி, காணி, மா என்று பின்னங்களை அடுக்கும் எண்சுவடியும், ஒருவன் முன்னே சொல்ல மற்றவர் பின்னே சொல்லும் முறையில் தெருவெல்லாம் கேட்க ஒலிக்கும். மாலையில் வீடு திரும்புமுன் உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ, ஒரு பறவையின் பெயரையோ, ஓர் ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகிய திதிகளில் விடுமுறை. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டமடித்து வீடு வீடாகப் பாடிப் பெற்று வரும் பணம் உபாத்தியாயரைச் சேரும். சரித்திரம் என்று தனியாக ஒரு பாடம் அங்கே இல்லை.

இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்தது சட்டாம்பிள்ளை என்னும் ஏற்பாடு. நாற்பது ஐம்பது பிள்ளைகளை ஒரே உபாத்தியாயர் கட்டி மேய்ப்பது சாத்தியம் அன்று. ஆகவே மேல்நிலையில் உள்ள மாணாக்கன் கீழ்நிலையில் உள்ளவனுக்குப் பாடம் சொல்லி, எழுத்தைத் திருத்தி, ஒப்புவித்தலைக் கேட்டுக்கொள்வான். சொல்லிக் கொடுப்பதாலேயே அவன் கற்றதும் உறுதிப்படும். 1789-இல் எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட பாடசாலையின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தம் பாடசாலையிலும் கையாள விரும்பினார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் இசையவில்லை. உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாதென்று கைவிட்டதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். 1797-இல் லண்டனில் பெல் வெளியிட்ட நூலின் மூலம் இம்முறை 'மதராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் முறையை இங்கிலாந்து பின்பற்றியது தகுமென்று காம்பெல்லும் தம் அறிக்கையில் ஒப்புக்கொள்கிறார்.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது சரித்திரம் ஆகாது. அதே அறிக்கை, படிக்காத பிள்ளையை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டதையும், ஓயாமல் மண்டியிட்டு எழச் செய்ததையும் பதிவு செய்கிறது. தொங்கவிடும் தண்டனைக்குத் தமிழில் 'கோதண்டம்' என்று பெயர். ராமபிரான் கையில் இருந்த வில்லின் பெயரைக் குழந்தையை வதைக்கும் கயிற்றுக்கு வைத்தவர்களின் நெஞ்சம் எத்தகையதோ! அன்றியும் அந்தத் திண்ணை எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. மன்றோவின் கணக்குப்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். ஏறக்குறைய ஆயிரம் ஜனங்களுக்கு ஒரு பள்ளி என்பது அக்காலத்துக்குச் சிறிய எண் அன்று. ஆயினும் அந்தத் தொகையில் பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகளோ பெரும்பாலும் திண்ணையின் ஓரத்திலும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கல்வியின் வாசலில் ஜாதியை நிறுத்திவைத்த அந்த அநீதிக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

1854-ஆம் வருஷத்துக் கல்வி ஆக்ஞைக்குப் பின் அரசாங்க மானியமும், மானியத்தோடு இன்ஸ்பெக்டரும், வருகைப் பதிவேடும், அச்சடித்த பாடநூலும் வந்தன. திதி பார்த்து விட்ட விடுமுறை போய் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மணல் போய் சிலேட்டு வந்தது. சரித்திரமும் ஒரு பாடமாக வந்தது. ஆனால் எண்சுவடியை ஒப்பித்த அதே குரலில்தான் பிள்ளைகள் அரசர்களின் ஆண்டுகளை ஒப்பித்தார்கள். மாணாக்கனுக்கு மாணாக்கன் கற்பித்த நல்ல வழக்கம் மெல்ல மறைய, சட்டாம்பிள்ளை, பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் காவல்காரனாகக் குறுகிப்போனான். பிரம்பு மட்டும் போகவில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுதான், பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தேச அளவில் தடுத்தது.

இதைக் கேட்ட பிறகு என் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே ஒரு விதியைச் சேர்த்தார்கள்: வாரத்தில் ஒரு நாள், முன்வரிசையும் பின்வரிசையும் இடம் மாறி அமர்ந்து, ஒருவருக்கொருவர் பாடம் சொல்ல வேண்டும் என்பது அது. நான் ஓய்வு பெறும் வரையில் அந்த விதி நடைமுறையில் இருந்தது. இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பாடம் சொல்லிக் கொடுக்க இடம் கொடுக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.