அராவுக்கா ஆற்றின் இரு கரைகள்: எல்லைதாண்டிய ஆட்கடத்தலும் இரு அரசுகளின் படைநடவடிக்கைகளும்

கொலம்பியாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடையிலான 2,219 கிலோமீட்டர் நீள எல்லை, வடக்கே குவாஹிரா தீபகற்பத்தின் வறண்ட நிலத்தில் தொடங்கி, பெரிஹா மலைத்தொடரையும் கதத்தும்போ காடுகளையும் ஓரினோக்கோ சமவெளியின் மேய்ச்சல் நிலங்களையும் கடந்து, தெற்கே அமேசான் காட்டில் முடிகிறது. 1941ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்த எல்லையைச் சட்டப்படி வரையறுத்துவிட்டது என்றாலும், சமவெளியின் ஒரு பகுதியில் எல்லையாக ஓடும் அராவுக்கா ஆற்றின் கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு அது அன்றாட வாழ்வைப் பிரிக்கும் கோடாக இருந்ததில்லை. கொலம்பியக் கரையில் அராவுக்கா மாநிலமும், எதிர்க்கரையில் வெனிசுவேலாவின் அபூரே மாநிலமும் அமைந்துள்ளன. இரு பக்கத்தாரும் ஒரே மொழி பேசி, மாடு மேய்த்தும் மீன் பிடித்தும் பிழைத்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, படகில் கால்மணி நேரத்தில் நாடு மாறி வந்தவர்கள். 1980களிலிருந்து இதே வசதி ஆயுதக் குழுக்களுக்கும் கிடைத்தது. ஒரு நாட்டின் படை துரத்தும்போது மற்ற நாட்டின் மண்ணில் ஒதுங்குவதும், ஒரு கரையில் கடத்திய ஆளை மறுகரையில் வைத்துப் பேரம் பேசுவதும் அவற்றின் வழக்கமாயின. அதற்கு இரு அரசுகளும் அளித்த பதிலடியின் வரலாற்றைத் தொடர்ந்து வாசிப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும்: ஆயுதம் ஏந்தியவருக்கு அரணாக இருந்த எல்லை, ஆயுதம் இல்லாதவருக்கு அவ்வாறு இருக்கவில்லை.

இந்தப் பகுதியில் வேரூன்றிய அமைப்புகளுள் முதன்மையானது, இ.எல்.என் என்று சுருக்கமாக அறியப்படும் தேசிய விடுதலைப் படையாகும். கியூபப் புரட்சியின் தாக்கத்தில் 1964இல் தோன்றி, 1965 ஜனவரியில் சந்தாந்தேர் மாநிலத்தின் சிமகோட்டா என்னும் சிற்றூரைக் கைப்பற்றித் தன்னை அறிவித்துக்கொண்ட இவ்வமைப்பு, பாதிரியார் கமிலோ தொர்ரெஸ் போன்ற கிறித்தவச் சிந்தனையாளர்களையும் ஈர்த்தது. ஆயினும் 1973இல் அனோரி பகுதியில் கொலம்பிய ராணுவம் நடத்திய நடவடிக்கையில் ஏறத்தாழ அழிந்தே போனது. அழிவின் விளிம்பிலிருந்து அதை மீட்டது கொள்கையோ மக்கள் எழுச்சியோ அன்று, எண்ணெய்தான். 1983இல் அமெரிக்காவின் ஆக்ஸிடென்டல் நிறுவனம் அராவுக்காவில் கான்யோ லிமோன் எண்ணெய் வயலைக் கண்டறிந்தது; அங்கிருந்து கரீபியக் கடற்கரையின் கோவென்யாஸ் துறைமுகம் வரை, ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதிக்கும் பணியில் ஜெர்மனியின் மன்னெஸ்மான் நிறுவனம் ஈடுபட்டது. இ.எல்.என்னின் தோமிங்கோ லாயின் பிரிவு அந்நிறுவனத்தின் பொறியாளர்களைக் கடத்தியது. அவர்களை மீட்கவும் பணி தடையின்றி நடக்கவும் நிறுவனம் கொடுத்த பெருந்தொகையே இயக்கத்துக்குப் புத்துயிர் அளித்தது என்பது கொலம்பிய வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் கருத்து. கட்டி முடித்த குழாய் பின்னர் ஆயிரம் தடவைக்கு மேல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 170 தாக்குதல்கள் நடந்தன. எண்ணெய் வருவாயில் உள்ளூராட்சிகளுக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகையிலும் கெரில்லாக்கள் பங்கு கொண்டனர். யாருக்கு ஒப்பந்தம், யாருக்கு வேலை என்பதைத் துப்பாக்கி முனையில் முடிவு செய்யும் இந்த முறைக்குக் கொலம்பிய ஆய்வாளர்கள் 'ஆயுதமேந்திய சலுகை அரசியல்' என்று பெயரிட்டுள்ளனர்.

இவ்வாறு ஒருமுறை பலன் தந்த ஆட்கடத்தல் விரைவில் நிலையான தொழிலாக மாறியது. பண்ணையாரும் வணிகரும் மாதந்தோறும் செலுத்த வேண்டியிருந்த கப்பத்துக்கு இரு கரையிலும் 'வக்கூனா', அதாவது தடுப்பூசி, என்று பெயர்; அதைச் செலுத்தியவரைக் கடத்தல் தீண்டாது என்பது அதன் பொருள். செலுத்தாதவரைச் சில சமயம் கெரில்லாக்களே கடத்தினர். பல சமயம் சாதாரணக் குற்றக் கும்பல்கள் கடத்தி கெரில்லாக்களுக்கு விற்றன. அபூரே, தாச்சிரா, சூலியா மாநிலங்களின் மாட்டுப்பண்ணை உரிமையாளர்கள் இவ்வகையில் நெடுங்காலம் அவதியுற்றனர். வெனிசுவேலாவில் கடத்தப்பட்டவர் கொலம்பிய மலைகளில் இருப்பின், குடும்பத்தார் எந்த நாட்டின் காவல்துறையிடம் முறையிடுவது என்பதே குழப்பமாகிவிடும். பேரம் பேசுபவருக்கோ அக்குழப்பமே முதலீடு. 1998 முதல் ஃபார்க் என்னும் கொலம்பியப் புரட்சிகர ஆயுதப் படை நெடுஞ்சாலைகளை மறித்து, வண்டிகளில் வருவோரில் பணமுள்ளவர் யார் என்று விசாரித்துப் பிடித்துச் சென்றதை, விவிலியத்தில் இயேசு நிகழ்த்திய அற்புத மீன்பாட்டின் பெயரால் மக்கள் கசப்போடு அழைத்தனர். 2000ஆம் ஆண்டில் கொலம்பியாவில் 3,500க்கும் மேற்பட்டோர் கடத்தப்பட்டனர். கரகோல் வானொலியில் 1994 முதல் ஒலிபரப்பான 'கடத்தலின் குரல்கள்' நிகழ்ச்சியில் நள்ளிரவு வேளைகளில் தாய்மாரும் மனைவியரும் பேசிய செய்திகளை, காட்டுக்குள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் காவலரின் வானொலிப் பெட்டியில் கேட்டனர்.

கொலம்பிய அரசு முதலில் சட்டத்தை நாடியது. மக்கள் கையெழுத்து இயக்கத்தின் வழியாக வந்த 1993ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டம், பிணைத்தொகை கொடுப்பதைத் தடைசெய்ததோடு, கடத்தப்பட்டவரின் சொத்துகளை அரசின் கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவந்தது. பணம் வராது என்று தெரிந்தால் தொழில் தானே நின்றுவிடும் என்பது அதன் தர்க்கம். தர்க்கம் பிழையற்றது, ஆனால் அதன் சுமை முழுவதும் கடத்தியவர் மீது விழாமல், கடத்தப்பட்டவரின் வீட்டார் மீதே விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், ஓர் உயிரைக் காக்கும் நோக்கத்தோடு பணம் கொடுப்பதைக் குற்றமாகக் கருத முடியாது என்று தீர்ப்பளித்து, சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. பின்னர் 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானதே 'கௌலா' என்னும் சிறப்புப் படை. காவலர், ராணுவத்தினர், அரசு வழக்குரைஞர் ஆகியோரை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்த இந்த அமைப்பு, கொலம்பிய அரசின் பதிலடிகளுள் ஓரளவு பயன் தந்த ஒன்று. விசாரணை அதிகாரி உடனிருந்தால் துப்பாக்கிக்குச் சற்றே கட்டுப்பாடு வரும் என்பதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

வெனிசுவேலாவின் அணுகுமுறையில் அத்தகைய கட்டுப்பாடு இருக்கவில்லை. எல்லையோரக் கடத்தல்களும் தாக்குதல்களும் பெருகிய 1980களின் பிற்பகுதியில், ராணுவத்தினரையும், திஸிப் எனப்படும் அரசியல் உளவுக் காவல்துறையினரையும், குற்றப்புலனாய்வுக் காவலரையும் கலந்து ஒரு சிறப்புக் கமாண்டோ பிரிவு அமைக்கப்பட்டது. விடுதலைப் போரில் இதே சமவெளியின் குதிரைவீரர்களைத் திரட்டிப் போரிட்ட ஹோசே அந்தோனியோ பாயெஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அந்தப் பெயருக்கு நேர்ந்த கதி இரங்கத்தக்கது. 1988 அக்டோபர் 29 அன்று, ஆற்றங்கரை ஊரான எல் அம்பாரோவைச் சேர்ந்த 16 பேர், மீன்பிடிக்கவென்று படகில் ஏறி அராவுக்கா ஆற்றில் சென்றனர். லா கொலொராடா என்னும் கால்வாய் அருகே அவர்கள் கரையிறங்கும் வேளையில், 'அங்கீலா 3' என்று பெயரிட்ட நடவடிக்கையில் ஈடுபட்டிருந்த கமாண்டோப் பிரிவினர் சுட்டனர்; 14 பேர் அங்கேயே மாண்டனர். எண்ணெய்க் குழாயைத் தகர்க்க வந்த கொலம்பிய கெரில்லாக்களுடன் மோதல் நடந்தது என்றும், நாட்டின் இறையாண்மை காக்கப்பட்டது என்றும் தலைநகர் கரக்காஸில் அறிவிக்கப்பட்டது.

இறந்தவர் யாவரும் அறிந்த முகங்கள் என்பதால் எல் அம்பாரோ மக்கள் அவ்வறிவிப்பை ஒரு கணமும் நம்பவில்லை. தப்பிய இருவர் நீந்தியும் சதுப்பில் ஒளிந்தும் ஊர் வந்து சேர்ந்து, உள்ளூர்க் காவல்நிலையத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு ராணுவத்தினர் கேட்டபோது, ஊர்மக்கள் திரண்டு நின்று மறுத்தனர். அரசின் கதை உடைந்தது அந்த மறுப்பினாலேயே. தாச்சிரா மாநில நாடாளுமன்ற உறுப்பினர் வால்தெர் மார்கெஸ் இவ்விவகாரத்தைக் கையிலெடுக்க, உயிர்பிழைத்த இருவரும் சிறிது காலம் மெக்சிகோவில் தஞ்சம் புக நேர்ந்தது. வழக்கு ராணுவ நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் அலைந்து, 1994இல் குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டதோடு முடிந்தது. ஆனால் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றத்தின் முன் வெனிசுவேலா அரசு தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. 1995 ஜனவரியில் வந்த தீர்ப்பு அதைப் பதிவு செய்ய, 1996 செப்டம்பரில் 7 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதிக்கப்பட்டது. சுட்டவர்களுள் எவரும் தண்டனை அனுபவிக்கவில்லை என்ற குறை இன்றும் தீரவில்லை.

எல்லையில் அச்சுறுத்தல் கற்பனை அன்று என்பதையும் நடுநிலையோடு சொல்லியாக வேண்டும். 1995 பிப்ரவரியில் மெத்தா ஆற்றங்கரையின் கரராபோ கடற்படைக் காவலரணை இ.எல்.என் தாக்கி, 8 வெனிசுவேலா வீரர்களைக் கொன்றது. அதற்குப் பதிலடியாகச் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் பிடித்துச் செல்லப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாயினர். முன்பே நாடெங்கும் நிறுத்திவைக்கப்பட்டிருந்த அரசியலமைப்பு உரிமைகள் பிற பகுதிகளில் அவ்வாண்டு ஜூலையில் மீண்டும் நடைமுறைக்கு வந்தபோதும், எல்லையோர நகராட்சிகளில் முடக்கப்பட்டே இருந்தன. குவாஸ்துவலித்தோவிலும் லா ஃபிரியாவிலும் 'போர்நடவடிக்கைக் களங்கள்' என்ற பெயரில் ராணுவத் தலைமையகங்கள் அமைந்தன. எதிரி வருவதோ ஆற்றைக் கடந்து. உரிமை இழப்பதோ ஆற்றோரம் வாழ்பவர்.

கொலம்பியக் கரையில் இதே நிலை 2002க்குப் பின் உருவாயிற்று. அல்வாரோ உரிபே அதிபரானதும், அராவுக்கா, அராவுகித்தா, சரவேனா ஆகிய மூன்று நகராட்சிகளும் 'மறுவாழ்வு, வலுவூட்டல் மண்டலம்' என அறிவிக்கப்பட்டு, படையினருக்குச் சிறப்பு அதிகாரங்கள் வழங்கப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று சரவேனாவில் 2,000க்கும் மேற்பட்டோர் துப்பாக்கி முனையில் விளையாட்டரங்குக்கு அழைத்துச் செல்லப்பட்டு, விசாரிக்கப்பட்டு, கைகளில் அழியா மையால் குறியிடப்பட்டனர். 2003 தொடக்கத்தில், எண்ணெய்க் குழாயைக் காக்கும் கொலம்பியப் படைக்குப் பயிற்சியளிக்க அமெரிக்கச் சிறப்புப் படையினர் வந்தனர். மக்களின் பாதுகாப்புக்கு முன்பே குழாயின் பாதுகாப்பு திட்டமிடப்பட்டது என்று கருத இடமுண்டு. 2004 ஆகஸ்டில் சரவேனா அருகே கான்யோ செக்கோவில் மூன்று தொழிற்சங்கத் தலைவர்களை ராணுவம் கொன்று, அவர்கள் மோதலில் இறந்த கெரில்லாக்கள் என்றது. அது பொய் என்று பின்னர் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டு, படையினர் தண்டனை பெற்றனர். இத்தகைய கொலைகள் நாடெங்கும் நடந்தன. பிணங்களின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாகவும், விடுப்புக்கும் பதவி உயர்வுக்கும் தகுதியாகவும் வைக்கப்பட்டதால், 2002 முதல் 2008 வரை குறைந்தது 6,402 பேர் இவ்வாறு கொல்லப்பட்டதாக, பின்னாளில் ஃபார்க்குடன் ஏற்பட்ட அமைதி உடன்பாட்டின்படி உருவான சிறப்பு அமைதி நீதிமன்றம் 2021இல் அறிவித்தது. அதே நீதிமன்றம் ஃபார்க் அமைப்பின் கடத்தலுக்கு 21,396 பேர் ஆளாயினர் என்றும் கணக்கிட்டுள்ளது. இரு கணக்குகளில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் வரலாறு எழுதுபவர் ஆகார்.

எல்லைதாண்டும் வழக்கம் அரசுகளையும் தொற்றிக்கொண்டது. 2004 டிசம்பரில் ஃபார்க்கின் வெளியுறவுப் பொறுப்பாளர் ரொத்ரிகோ கிராந்தா கரக்காஸ் தெருவில் பிடிக்கப்பட்டு, எல்லை கடந்து கொலம்பிய நகரமான கூகுத்தாவில் கைதானதாகக் காட்டப்பட்டார். பிடித்துக் கொடுத்தோருக்கு வெகுமதி அளிக்கப்பட்டதைக் கொலம்பிய அரசு ஒப்புக்கொள்ள, இரு நாடுகளின் வணிகம் சில வாரங்கள் முடங்கியது. வெனிசுவேலா மண்ணில் கெரில்லா முகாம்கள் உள்ளன என்று கொலம்பியா 2010 ஜூலையில் அமெரிக்க நாடுகள் அமைப்பில் படங்களோடு முறையிட்டபோது, வெனிசுவேலா அதிபர் ஹூகோ சாவேஸ் தூதரக உறவையே முறித்தார். அடுத்த மாதமே கொலம்பியாவின் புதிய அதிபர் சாந்தோஸ் அதைச் சீராக்கினார். இந்தச் சண்டைகள் தலைநகரங்களுக்குரியவை. ஆற்றங்கரையில் வக்கூனா அதன் தேதியில் வசூலானது.

2016இல் ஃபார்க்குடன் அமைதி உடன்பாடு ஏற்பட்ட பின்னும், அதை ஏற்காத பிரிவுகள் அபூரேயில் நிலைகொண்டன. 2021 மார்ச் 21 அன்று அவற்றுள் பத்தாம் பிரிவுக்கு எதிராக வெனிசுவேலா ராணுவம் தாக்குதல் தொடங்கியதும், லா விக்டோரியா பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடந்து எதிர்க்கரை அராவுகித்தாவில் தஞ்சம் புகுந்தனர். சில நாள்களில் எல் ரிப்பியால் என்னும் இடத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தோர் உட்பட நால்வர் கொல்லப்பட்டு, கெரில்லா உடையும் ஆயுதமும் அருகில் வைக்கப்பட்டுக் காட்டப்பட்டனர். அவர்கள் குடியானவர்களே என்று உறவினரும் மனித உரிமை அமைப்புகளும் சான்றுகளுடன் எடுத்துரைத்தனர். எல் அம்பாரோவுக்குப் பின் 32 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன; மாநிலமும் அதே அபூரே, அரசுத்தரப்பு விளக்கமும் ஏறத்தாழ அதுவே. அந்தப் போரில் பத்தாம் பிரிவினர் பிடித்துச் சென்ற 8 வெனிசுவேலா வீரர்கள் மே 31 அன்று திரும்பினர்.

கடத்தலும் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் குவாஹிராவின் பர்ரன்காஸ் ஊரில் கால்பந்து வீரர் லூயிஸ் தியாஸின் தந்தையை இ.எல்.என் கடத்தி, 12 நாள்களுக்குப் பின் விடுவித்தது; நாடே கொதித்தெழுந்ததாலும் அரசுடன் நடந்த பேச்சுவார்த்தை ஆபத்துக்கு உள்ளானதாலும், பணத்துக்கான கடத்தலை நிறுத்திவைப்பதாக அவ்வமைப்பு அந்த டிசம்பரில் அறிவித்தது. 2025 ஜனவரியில் கதத்தும்போவில் இ.எல்.என்னுக்கும் ஃபார்க் எச்சப் பிரிவு ஒன்றுக்கும் இடையே வெடித்த போரில் 50,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கொலம்பிய அரசு அப்பகுதியில் உள்நாட்டுக் கொந்தளிப்பு நிலையை அறிவித்து, அவசர அதிகாரங்களை மீண்டும் கையில் எடுத்தது.