இடுப்புவலி நாட்படுதலின் காரணங்கள்

மனிதரைப் பீடிக்கும் துன்பங்களுள் உயிரைக் கவர்வதால் பெயர்பெற்றவை சில. உயிரைக் கவராமலே வாழ்நாளின் பயனைக் குன்றச் செய்வன வேறு சில. இவ்விரண்டாம் வகையில் முதலிடம் இடுப்புவலிக்கே உரியது. உலக நோய்ச்சுமை ஆய்வின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் பேர் இவ்வலியால் வருந்தினர். ஜனத்தொகைப் பெருக்கத்தாலும் முதியோர் மிகுதியாலும் 2050-இல் இத்தொகை 84 கோடியே 30 லட்சமாகக்கூடும் என்பது அவ்வாய்வாளர் மதிப்பு. எனினும், ஆயுளில் ஒரு முறையேனும் இவ்வலியை அறியாதார் அரியர் ஆதலின், அதன் பரவல் அத்துணை வியப்பிற்குரியதன்று. பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும் வலி, சிலருக்கு மாத்திரம் 12 வாரங்களையும் கடந்து நிலைபெறுவது ஏன் என்பதே ஆராயத்தக்கது. முள்ளெலும்புகளிலும் அவற்றிடை வட்டுகளிலும் காணப்படும் சிதைவைக் காட்டிலும், வலி தோன்றிய பின்னர் நோயாளியும் வைத்தியரும் சமூகமும் நடந்துகொள்ளும் விதமே இதில் வலிய காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இரு வைத்தியர்கள், முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை நெருக்குவதைச் சஸ்திர சிகிச்சையின் மூலம் நிரூபித்தனர். அது மெய்யான கண்டுபிடிப்பே. காலில் இறங்கும் நரம்புவலிக்கு அதனால் நிவாரணம் பெற்றோர் பலர். ஆனால் அதன் செல்வாக்கு உரிய எல்லையைக் கடந்து, இடுப்பில் எழும் வலி அனைத்திற்கும் ‘டிஸ்க் விலகியது’, ‘எலும்பு தேய்ந்தது’ என்று விடை சொல்லும் வழக்கத்தை வேரூன்றச் செய்துவிட்டது. இக்கொள்கையைச் சோதிக்கும் வாய்ப்பு எம்.ஆர்.ஐ. படங்களால் வந்தது. இடுப்புவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், வட்டுகள் அனைத்தும் பழுதின்றி இருந்தவர் 36 சதவீதமே. வலியற்றோர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு மதிப்பீடோ, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் உண்டெனக் காட்டியது. நரையைப் போல வயதோடு வரும் ஒன்றை வலியின் காரணமெனத் துணிவது தர்க்கத்திற்கு ஒவ்வாது. புற்று, தொற்று, எலும்புமுறிவு முதலியன காரணமாவதும் உண்டு. அவற்றைத் தேடிக் காண்பது வைத்தியரின் முதற்கடமை. ஆயினும் அத்தகையோர் சிறு தொகையினரே.

இனி, நெடுங்காலம் சிகிச்சையென மதிக்கப்பட்ட படுக்கை ஓய்வை நோக்குவோம். ஹெல்சின்கி நகரசபை ஊழியரைக் கொண்டு நடத்தி 1995-இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு நாள் படுத்திருந்தாரைவிடவும், முதுகிற்கெனப் பயிற்சி செய்தாரைவிடவும், வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தவரே விரைவில் நலமடைந்தனர். அசைந்தால் முதுகுக்குக் கேடு என்ற அச்சம் அசைவைக் குறைக்கிறது. குறைந்த அசைவால் தசை தளர்கிறது. தளர்ந்த தசை சிறு வேலைக்கும் நோக, அந்நோவே அச்சத்திற்குச் சாட்சியாகிறது. இதனிடையே, இடைவிடாத வலிச் செய்திகளால் நரம்பு மண்டலமும் கூருணர்வு அடைந்து, முன்னர்ப் பொருட்படுத்தாத தூண்டுதலையும் வலியாக உணரத் தலைப்படலாம். கிளாஸ்கோ நகரத்து எலும்புச் சஸ்திர வைத்தியர் கார்டன் வாடெல், உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கருதும் கொள்கையை 1987-இலேயே இத்துறையில் வலியுறுத்தியிருந்தார். அதுவும் கத்தி பிடித்த கையிலிருந்தே வந்தது கவனித்தற்குரியது.

வேலைத்தலத்தின் பங்கும் சிறிதன்று. அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலையின் 3,020 ஊழியரைத் தொடர்ந்து கவனித்த பிகோஸ் குழுவினர் 1991-இல் அறிவித்தபடி, முன்னரே முதுகுத் தொல்லை இருந்தமையை ஒழித்தால், முதுகுநோய் முறையீட்டை முன்னறிவித்தவற்றுள் முதன்மையானவை உடல்வலிமையின் அளவைகள் அல்ல. வேலையில் திருப்தியின்மையும் மனக்கலக்கமுமே.

இதனால் இவ்வலி வெறும் மனப்பிராந்தி என்று கொள்வார் உளராயின், அவர் பெரிதும் தவறுவர். தெற்கு மான்செஸ்டரில் குரோஃப்ட் முதலியோர் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்புவலி நோயாளிகளுள் பத்தில் ஒன்பதின்மர் மூன்று மாதத்துக்குள் வைத்தியரிடம் வருவதை நிறுத்தினர். ஆனால் ஓராண்டு கழித்து வினவியபோது முற்றும் குணமானோர் நான்கில் ஒரு பங்கினரே. வைத்தியர் குணமென்று எண்ணியது நோயாளியின் மௌனத்தை! வலி மெய், அதை வளர்க்கும் சூழலும் மெய்.

சூழலை மாற்றினால் விளைவும் மாறுமா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் 1997 முதல் 1999 வரை, படுத்துக் கிடவாமல் இயங்குக என்று தொலைக்காட்சி வாயிலாகப் பிரசாரம் செய்தனர். ஜனங்களின் எண்ணமும் வைத்தியர் எண்ணமும் திருந்தியதோடு, முதுகுநோய்க்காகக் கோரிய நஷ்டஈட்டு விண்ணப்பங்களும் குறைந்தன. அப்பிரசாரம் நிகழாத நியூ சவுத் வேல்ஸில் அத்தகைய மாறுதல் காணப்படவில்லை. இத்துணைச் சான்றுகள் இருப்பதால் வைத்திய உலகிற்கு ஒரு விண்ணப்பம்: படத்தின் அறிக்கையில் ‘தேய்மானம்’ என்று எழுதுவோர், அதே வயதில் வலியின்றி வாழ்வோரில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு அத்தேய்மானம் உண்டு என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதுவாராக.