நடுவர் எழுந்து போன பின்: போர் விளையாட்டுகளில் மோதலைக் கணக்கிட்ட வரலாறு

சதுரங்கத்தில் வெட்டுப்பட்ட காய் பலகையை விட்டே போய்விடும். அது காயப்படுவதும் இல்லை, சோர்ந்து பின்வாங்குவதும் இல்லை. வெட்டிய காய்க்கும் ஒரு கீறல் விழாது. நால்வகைப் படையை வைத்து இந்தியாவில் பிறந்த இந்த ஆட்டத்தை, 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஹெல்விக் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட போர்க்களமாக விரித்தார். மலை, சதுப்பு, ஆறு எல்லாம் பலகைக்கு வந்தன. ஆனால் பகடைக்கு அதில் இடமில்லை. மோதலின் முடிவு முன்கூட்டியே தெரிந்ததாகவே இருந்தது.

அந்த நிச்சயத்தை உடைத்தவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்தார். தந்தை 1812இல் மன்னருக்கு ஒரு மேசை விளையாட்டைக் காட்டினார். பீரங்கிப் படை அதிகாரியான மகன் அதைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். 1:8000 அளவு வரைபடம், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடப் போர்க்காலம், நடுவில் ஒரு நடுவர். இரு தரப்பும் எழுதித் தரும் கட்டளைகளை நடுவரே நிறைவேற்றுவார். எதிரியின் கண்ணுக்குப் படக்கூடிய படைகளை மட்டுமே மேசையில் வைப்பார். பிரஷ்யத் தளபதி ஷார்ன்ஹோர்ஸ்ட் தொகுத்திருந்த துப்பாக்கிச் சோதனை முடிவுகள், பகடை உருட்டிப் பார்க்கும் இழப்பு அட்டவணைகளுக்கு அடிப்படையாயின.

ரைஸ்விட்ஸைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பகடையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் தோல்வியைப் பிரித்துப் பார்த்த விதம். கைகலப்பில் தோற்ற படை விரட்டப்பட்டதா, முறியடிக்கப்பட்டதா, முற்றாகச் சிதறியதா என்று மூன்று நிலைகள் வைத்தார். முதல் நிலையில் இருக்கும் படை விரைவில் ஒழுங்குக்கு வந்து மறுபடி போரிடலாம். மூன்றாவதற்கு வெகுநேரம் பிடிக்கும். ஆக, தோற்றவன் இழப்பது ஆட்களோடு காலத்தையும். களத்தில் நடப்பதும் இதுதான்: கடைசி ஆள் சாகும்வரை நிற்கும் படை அரிது, பெரும்பாலான படைகள் அதற்கு வெகு முன்னரே கலைந்து ஓடுகின்றன. இந்த நுட்பத்தை இயல்பாக ஆட வைத்தவர் நடுவர். ஒவ்வொரு படைக்கும் எத்தனை நிமிடம் கழிந்தது, யார் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை என்ற கணக்கெல்லாம் அவரிடம்தான். அவர் பொறுப்பு யார் கைக்குப் போனது என்று பின்தொடர்ந்தால் பிற்கால மாற்றங்கள் பலவும் விளங்குகின்றன.

1876இல் வெர்டி டு வெர்னுவா எதிர்த்திசையில் போனார். அட்டவணைகளையும் பகடையையும் ஒதுக்கி, போர் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். ஆட்டம் வேகம் பெற்றது. ஆனால் நடுவரின் அறிவும் அவரது சார்பும் எவ்வளவோ, அந்த அளவே அது மெய்.

கணிதத்தின் பக்கமிருந்தும் ஒரு முயற்சி வந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் 1914இல் எழுதிய கட்டுரைகளில், தொலைவிலிருந்து சுடும் படைகளின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று காட்டினார். தரம் சமமாக இருந்து 1000 பேர் 800 பேரோடு இறுதிவரை மோதினால், எஞ்சுவோர் 200 அல்ல, 600. அழகான விதிதான். ஆனால் 'இறுதிவரை' என்ற அதன் நிபந்தனை களத்தில் நிறைவேறுவது அபூர்வம்.

பொதுமக்கள் வீட்டில் விளையாடும் போர் விளையாட்டு அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸால் வேரூன்றியது. அவருடைய 'டாக்டிக்ஸ்' 1954இல் வந்தது. அவர் நிறுவிய அவலான் ஹில் 1958இல் 'கெட்டிஸ்பர்க்'கை வெளியிட்டது. 1961இல் அறுகோணக் கட்டங்கள் வந்தன. இங்கே நடுவர் இல்லை. அவர் இடத்தில் ஒரு போர் முடிவு அட்டவணை. தாக்கும் படைகளின் எண்களைக் கூட்டித் தற்காக்கும் படையின் எண்ணால் வகுத்து, கிடைக்கும் விகிதத்தைத் தற்காப்பவருக்குச் சாதகமாகக் குறைத்து, பகடையை உருட்ட வேண்டும். 3க்கு எதிராக 8 வந்தாலும் அது 2:1தான். இன்னும் ஒன்று சேர்த்தால் 3:1. தாக்குபவர் மட்டும் அழியும் ஆபத்து அதோடு போயிற்று. அந்த ஒற்றைப் புள்ளியைத் தேடி ஆட்டக்காரர்கள் தாள் பென்சிலோடு உட்கார்ந்தார்கள். அருகிலுள்ள எதிரிகள் அனைவரையும் தாக்கியாக வேண்டும் என்ற விதியால், முக்கியத் தாக்குதலின் விகிதத்தைக் காப்பாற்ற ஒரு சிறுபடையைத் தெரிந்தே பலிகொடுக்கும் உத்தி பிறந்தது. எந்தப் படைத்தலைவரும் அப்படி எண்ணிப் பார்த்துப் போரிட்டதில்லை; அது அட்டவணை உண்டாக்கிய போர். படை அழிந்தது, இரண்டு கட்டம் பின்வாங்கியது, இருபுறமும் இழப்பு என்ற சில முடிவுகளுக்குள் ரைஸ்விட்ஸின் காலக்கணக்கு காணாமல் போயிற்று.

1972இல் வந்த 'கியூபெக் 1759' இழந்ததில் ஒரு பகுதியை மரக்கட்டைகளால் மீட்டது. நிமிர்த்தி வைத்த கட்டையின் முகம் அதன் உரிமையாளருக்கு மட்டுமே தெரியும். அடிபட்டால் கட்டையைத் திருப்பி வைக்க, மேல் விளிம்பில் குறைந்த வலிமை வரும். எதிரிக்குத் தெரியக்கூடாததை மறைப்பது, தேய்மானத்தைக் கணக்கு வைப்பது என்ற நடுவரின் இரு வேலைகளை ஒரு மரத்துண்டு செய்தது.

கணினி வந்ததும் நடுவர் திரும்பிவிட்டார் என்று எண்ணலாம். ஆனால் 1991இல் வந்த 'சிவிலைசேஷன்' மோதலை ஒரே குலுக்கலில் முடித்தது. தாக்குதல் வலிமை 10 உள்ள டாங்கி, அரண்கட்டி நின்றதால் தற்காப்பு 3 ஆன ஈட்டிப்படையைத் தாக்கினால், 13க்கு 3 என்ற வாய்ப்பில் டாங்கி அடியோடு அழியும். 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு உயிர்ப்புள்ளிகளைச் சேர்த்து, ஒரு மோதலைப் பல சிறு குலுக்கல்களாகப் பிரித்ததால் இத்தகைய விபரீதங்கள் குறைந்தன.

முதல் 'சிவிலைசேஷனுக்கும்' பத்தாண்டு முன்பே, 1981இல், கிறிஸ் கிராஃபோர்டின் 'ஈஸ்டர்ன் ஃபிரண்ட்' ஒவ்வொரு படைக்கும் இரண்டு எண்களை வைத்திருந்தது: முழு வலிமை, அப்போதைய களவலிமை. அடிபட்டால் களவலிமை சரியும். வழங்கல் பாதை திறந்திருந்தால் மெல்ல மீளும். பின்வாங்கி மூச்சு வாங்கிய படை மறுபடி போருக்கு வரலாம். 2000இல் 'ஷோகன்: டோட்டல் வார்' இன்னும் ஒரு படி போய், மனவுறுதியை ஓயாமல் கணக்கிட்டது. பக்கவாட்டிலிருந்து தாக்கப்பட்டாலோ, தளபதி வீழ்ந்தாலோ, பக்கத்துப் படை ஓடினாலோ, நிறைய ஆட்கள் எஞ்சியிருக்கும்போதே ஒரு படை முதுகு காட்டும். தப்பினால் திரும்பியும் வரும். ரைஸ்விட்ஸின் மூன்று நிலைகளுக்கு மிக அருகில் வந்த வெகுஜன விளையாட்டு என்று இதையே சொல்வேன்.

ஆனால் ரைஸ்விட்ஸின் அட்டவணைகளை எந்த அதிகாரியும் படித்து மறுக்கலாம். ராபர்ட்ஸின் அட்டவணை பெட்டிக்குள்ளேயே இருந்தது. கிராஃபோர்டும் தம் விளையாட்டின் மூலநிரலை வெளியிட்டார். வணிக விளையாட்டுகளில் அந்த வழக்கம் நிலைக்கவில்லை. ஒரு படை ஏன் உடைந்தது என்று அறிய விரும்பும் ஆய்வாளர், இன்று ஒரே மோதலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, முடிவுகளிலிருந்து சூத்திரத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது.