நெடுந்தொலைவு சைக்கிள் ஓட்டம்

பரிசோ சம்பளமோ எதிர்பாராமல், 200 கிலோமீட்டரிலிருந்து 1,200 கிலோமீட்டர் வரையான தொலைவைக் குறித்த கெடுவுக்குள் சைக்கிளில் கடக்கும் விளையாட்டு. முதலிடம், இரண்டாமிடம் என்பது இதில் கிடையாது. கெடு முடிவதற்கு ஒரு நிமிடம் முன்னால் வந்தவரும் பத்து மணி நேரம் முன்னால் வந்தவரும் ஒரே பட்டியலில்தான் இடம்பெறுவர். தமிழ்நாட்டில் இது பரவியது 2010களில். அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்ப் பொட்டல்களில் நடந்துவந்த ‘இறங்காம சைக்கிள் ஓட்டுறது’ இதன் முன்னோடியா, வேறு இனமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இங்கே இரண்டும் சொல்லப்படுகின்றன. வழித்தட விவரங்கள் திண்டிவனம், செஞ்சி, மேல்மலையனூர், விழுப்புரம் வட்டாரத்தை ஒட்டியவை.

பிரான்சில் தொடக்கம்

1891 செப்டம்பரில் பாரிசின் ‘லெ பெத்தி ஜூர்னால்’ நாளிதழைச் சேர்ந்த பியேர் ஜிஃபார், பாரிசிலிருந்து மேற்குக் கடற்கரை நகரமான பிரெஸ்ட்டுக்குப் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. ஓட்டத்தை நடத்தினார். இருநூறுக்குச் சற்று மேற்பட்டோர் கிளம்பினர். மிஷலன் நிறுவனத்தின் புதிய காற்றடைத்த டயரைப் பூட்டிக்கொண்ட ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில், வழியில் தூங்காமல், முதலாவதாகத் திரும்பினார். காற்றுள்ள டயர் நெடுந்தூரம் தாங்குமா என்ற ஐயம் இத்தோடு தீர்ந்தது என்பர். இது பந்தயம்தான் என்றாலும் ‘பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்’ என்ற பெயரும் வழியும் பிற்காலப் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு அப்படியே போய்ச் சேர்ந்தன. அடுத்த ஓட்டம் 1901இல். அதன்பின் 1931 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை. 1910இல் இதை முன்னிட்டு ஒரு பேக்கரிக்காரர் சைக்கிள் சக்கர வடிவில் செய்த இனிப்பு இன்றும் ‘பாரிஸ்–பிரெஸ்ட்’ என்ற பெயரில் பிரெஞ்சுக் கடைகளில் விற்பனையாகிறது.

இன்னொரு கிளை இத்தாலியிலிருந்து வந்தது. 1897 ஜூன் 12ஆம் தேதி பன்னிரண்டு பேர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கி.மீ. தூரத்தைப் பகல் வெளிச்சத்துக்குள் முடிக்கக் கிளம்பினர். ‘ஆடாக்ஸ்’ என்ற பெயர் இவர்களால் பரவியது. 1904இல் பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ஆன்றி தெக்ராஞ்சு இதே முறையைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அனைவரும் குழுத்தலைவர் பின்னால் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்பது அவர் விதி. அதே ஆண்டில் தோன்றிய பாரிஸ் ஆடாக்ஸ் சங்கம் 1921இல் அவரோடு முறித்துக்கொண்டு, அவரவர் வேகத்தில் போகலாம் என்ற புதிய முறையை வகுத்தது. பிணக்கின் காரணம் பற்றிப் பல கதைகள் உண்டு. இன்று உலகம் முழுதும், சென்னை உட்பட, நடப்பது 1921இன் முறைதான்.

1931இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் தொழில்முறை வீரர்களோடு சாதாரண ஓட்டக்காரர்களும் தனிப்பிரிவாகக் கிளம்பினர். அந்த ஆண்டு ஆஸ்திரேலியரான ஹூபர்ட் ஆப்பர்மன் 49 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு வென்றார். 1951க்குப் பின் தொழில்முறைப் பந்தயம் நின்றுபோனது. சாதாரண ஓட்டக்காரர்களுக்கான ஓட்டம் 1975 முதல் நான்காண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. கெடு 90 மணி நேரம்.

விதிகள்

ஓட்டத்துக்குப் ‘பிரெவே’ என்று பெயர், சென்னைக்காரர்கள் ‘பி.ஆர்.எம்.’ என்றும் சொல்வர். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40, 1,000க்கு 75. உணவு, உறக்கம், பஞ்சர், மழைக்கு ஒதுங்குவது எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்க வேண்டும். ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவர் ‘எஸ்.ஆர்.’, அதாவது சூப்பர் ராண்டனர். வழியில் சாவடிகள் உண்டு. ஒவ்வொன்றும் குறித்த நேரத்தில் திறந்து குறித்த நேரத்தில் மூடும். ஓட்டக்காரர் கையிலுள்ள அட்டையில் அங்கே முத்திரை வாங்க வேண்டும். ஆளில்லாத சாவடி என்றால் பெட்ரோல் பங்க் ரசீதோ ஏ.டி.எம். சீட்டோ சான்று. பின்னால் கார் வரக்கூடாது. உதவி வேண்டுமானால் சாவடியில் மட்டும். இரவில் முன்விளக்கும் பின்விளக்கும் ஒளி திருப்பும் மேலங்கியும் கட்டாயம். முடிவுகள் பாரிசுக்குப் போய்ப் பதிவெண்ணோடு உறுதிசெய்யப்படும். பதக்கம் வேண்டுவோர் தனியே காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இந்தியாவில்

1923இல் பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி இளைஞர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பம்காரா மூவரும் சைக்கிளில் உலகைச் சுற்றி 1928இல் ஊர் திரும்பினர். தமிழ்நாட்டில் சைக்கிள் நெடுநாள் வேலைக்கான வண்டியாகவே இருந்தது; 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பின் ஹெர்குலிஸ் சைக்கிள் ஊருக்கு ஊர் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியது.

பொட்டல் ஓட்டம்

1960கள் முதல் 1980கள் வரை தமிழக ஊர்களில் கோடையிலோ அறுவடை முடிந்த பிறகோ ஒருவர் வந்திறங்கி, ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, பள்ளிக்கூட மைதானத்திலோ ஏரிக்கரைப் பொட்டலிலோ வட்டமாகச் சைக்கிள் ஓட்டுவார். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று பேச்சு. கால் தரையில் படக்கூடாது. நடுவில் ஒரு கம்பம். அதில் குழாய் ஒலிபெருக்கியும் குழல் விளக்கும் சைக்கிள் கடையின் விளம்பரத் தட்டியும். மின்சாரம் எட்டாத ஊரில் பெட்ரோமாக்ஸ்.

அவர் ஓட்டியபடியே பல் தேய்ப்பார், முகம் மழித்துக்கொள்வார், சட்டை மாற்றுவார். குளியல்தான் முக்கியக் காட்சி: கூட ஓடுபவர் நீட்டும் வாளியை ஒரு கையால் வாங்கி, மறு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிட்டுத் தலையில் கவிழ்த்துக்கொள்வார், நனைந்த மண்ணில் அடுத்த சுற்று வழுக்கும் என்பதால் வட்டத்தைச் சற்று உள்ளே தள்ளிக்கொள்வார். கேரியரில் குழந்தையை உட்கார வைத்து ஒரு சுற்று வந்தால் பெற்றோர் காசு தருவர். கீழே கிடக்கும் ரூபாய் நோட்டைக் குனிந்து வாயால் கவ்வி எடுப்பதும் உண்டு. மாலையில் கூட்டம் சேரும்போது பாட்டு மாறும். உதவியாளர் நெஞ்சில் குழல் விளக்கை உடைத்துக்கொள்வார் அல்லது பெண் வேடமிட்டு ஆடுவார். கடைசி நாள் ஊர்த்தலைவர் மாலை போட, சட்டையில் ஊக்கால் நோட்டுகளைக் குத்துவார்கள். அத்தனை பெரிய கூட்டத்துக்கு நடுவில் அவர் இறங்கி நடக்க முடியாமல் இருவர் தோளில் சாய்ந்து போனதைப் பலரும் நினைவுகூர்கின்றனர்.

நள்ளிரவுக்குப் பின் அவர் உண்மையிலேயே இறங்காமல் இருந்தாரா என்பது ஊர்தோறும் நடந்த வாக்குவாதம். விடிய விடியக் காவல் இருந்து பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு. மூன்று மணிக்கு வெறும் மைதானத்தைப் பார்த்ததாகச் சொல்பவர்களும் உண்டு. இரு தரப்பையும் அப்படியே பதிவு செய்வதே முறை. அட்டையும் முத்திரையும் இல்லாத ஓட்டம் இது. செய்தித்தாளில் வந்ததும் குறைவு. பிழைப்புக்காக ஓட்டியதால் இது விளையாட்டில் சேராது என்று சிலர் ஒதுக்குவர். தூக்கத்தை வெல்வதுதான் இரண்டிலும் கடினமான பகுதி என்பதை அவர்களும் மறுப்பதில்லை. இத்தகைய ஓட்டம் ஈரான், பாகிஸ்தான் பக்கங்களிலும் இருந்தது. ஈரானிய இயக்குநர் மோசன் மக்மல்பஃபின் ‘சைக்கிளோட்டி’ படத்தின் கதையே இதுதான். தொலைக்காட்சி வந்தபின் தமிழ்நாட்டில் இது அருகியது.

தமிழ்நாட்டில் பிரெவே

2010ஐ ஒட்டி மும்பை, புனே, பெங்களூரு நகரங்களில் பிரெவேக்கள் தொடங்கின. எந்த நகரம் முதலில் என்பதில் அந்தந்த ஊர்க்காரர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. புனேயைச் சேர்ந்த திவ்யா தாத்தே பாரிஸ் சங்கத்தின் இந்தியத் தொடர்பாளராகச் செயல்பட்டு ஆடாக்ஸ் இந்தியா அமைப்பை வளர்த்தவர். சில ஆண்டுகளுக்குள் சென்னை, கோவை உள்ளிட்ட ஊர்களிலும் ஓட்டங்கள் நடந்தன. பத்தாண்டு முடிவதற்குள் எஸ்.ஆர். எண்ணிக்கையில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக இந்தியா வந்துவிட்டது.

சென்னையிலிருந்து தெற்கே போக இரண்டே பெருவழிகள்: கிழக்குக் கடற்கரைச் சாலை, ஜி.எஸ்.டி. சாலை. ஜி.எஸ்.டி. சாலையில் சுமார் 120 கி.மீ.யில் திண்டிவனம். நேரே போனால் விழுப்புரம். மேற்கே திரும்பினால் செஞ்சி, அதைத் தாண்டித் திருவண்ணாமலை. மேல்மலையனூர் இந்தச் சாலையில் இல்லை. செஞ்சியிலிருந்து வடமேற்கே சுமார் 20 கி.மீ. உள்ளே போக வேண்டும். அமாவாசை இரவில் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளும் வேன்களும் இந்த வழியில் வரிசைகட்டும். மாசியில் மயானக் கொள்ளை நாட்களில் நெரிசல் இன்னும் கூடும். ஓட்டத் தேதி குறிப்பவர் ஆங்கில நாள்காட்டியோடு பஞ்சாங்கமும் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த வட்டாரத்தில் வேகத்தைக் கெடுப்பவை ஏற்றங்களைவிடச் சிறிய பொருள்கள்தான். சாலையோரம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் முள் டயரில் ஏறினால் காற்று ‘புஸ்’ என்று போவதில்லை. அரை மணி நேரம் கழித்துப் பின்சக்கரம் கனப்பதாகத் தோன்றும்போதுதான் தெரியும். ட்யூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முறிந்த முனையைத் தேடாவிட்டால் புது ட்யூபும் போகும். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் பாதிக்கு நெல்லோ உளுந்தோ காயும். ஓரத்தில் வைத்த கல் இருட்டில் கண்ணில் படாது. கரும்பு டிராக்டரில் பின்விளக்கு பல வேளை இருக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் பகல் பதினொன்றுக்கு மேல் கைக்குப்பித் தண்ணீர் வெந்நீராகும். 400, 600 ஓட்டங்களில் விடியற்காலை மூன்று முதல் ஐந்து வரையே பலருக்குக் கண் சொக்கும் நேரம். பேருந்து நிழற்குடையின் சிமெண்டுத் திண்ணையில் இருபது நிமிடம் படுத்து எழுவது வழக்கமான வைத்தியம்.

டீக்கடையில் தவறாமல் வரும் கேள்வி, “ஜெயிச்சா எவ்ளோ குடுப்பாங்க?” “ஒண்ணும் கெடையாதுண்ணே, மெடலுக்கும் நாமதான் காசு கட்டணும்” என்ற பதிலைக் கடைக்காரர் எளிதில் நம்புவதில்லை. பொட்டல் ஓட்டத்தைச் சிறுவயதில் பார்த்தவராக இருந்தால், அவருக்குத் தெரிந்த ஓட்டம் சட்டை நிறைய நோட்டோடு முடிந்தது.

2017இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ பந்தயத்தைத் தனியாளாக முடித்த முதல் இந்தியரானார் ராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத். நாக்பூர் மருத்துவர் அமித் சமர்த்தும் அதே ஆண்டு முடித்தார். துணை வண்டிகளோடு ஓடும் இது பிரெவே அல்ல. 2019 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்கு இந்தியாவிலிருந்து சில நூறு பேர் போயினர். எதிர்க்காற்றிலும் இரவுக் குளிரிலும் அவர்களில் பலரால் 90 மணி நேரத்துக்குள் முடிக்க இயலவில்லை. வெயிலில் பழகிய உடல் காரணம் என்பர் சிலர், மேடுபள்ளமில்லாத பயிற்சிச் சாலை காரணம் என்பர் சிலர்.

அண்மைக்காலம்

2020இல் கொரோனா நோய்த்தொற்றால் ஓட்டங்கள் நின்றன. சைக்கிள் விற்பனை அதே காலத்தில் கூடியது. பின்னர் ஓட்டங்கள் மீண்டும் தொடங்கின. 2023இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மறுபடி நடந்தது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் படைக் கோட்டைகளின் வரிசையில், யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. திருவண்ணாமலைச் சாலையில் போகும் ஓட்டக்காரர்கள் அதன் அடிவாரத்தைக் கடந்தே போகின்றனர்.