எம்டனும் பணிப்பதிவேடும்

நம் திருவதிகையைத் தொட்டுச் செல்லும் கெடிலம் கடலூரில் கடலைச் சேர்கிறது. கல்லே தெப்பமாக நாவுக்கரசர் கரையேறினார் என்று சேக்கிழார் பாடியது அந்தக் கடலைத்தான். அதற்கு எவரும் சான்று கேட்பதில்லை, கேட்கவும் வேண்டா. ஆனால் 1914ஆம் ஆண்டின் கடற்கதை ஒன்றுக்குச் சான்று கேட்டே ஆக வேண்டும். செண்பகராமன் பிள்ளையைப் பாடிய நம் மன்றக் கவிஞர் பலர் அவரை எம்டன் கப்பலில் ஏற்றியே பாடினர். கைதட்டியவருள் யானும் ஒருவன்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஒன்பதரை மணியளவில், ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியது. ஏறத்தாழ 130 குண்டுகள் விழுந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் ஊரை விட்டு ஓடினர். 'அவன் பெரிய எம்டன்' என்னும் வழக்கு அந்த அச்சத்தில் பிறந்ததே. அக்கப்பலில் நம்மவர் ஒருவர் இருந்தார் என்ற பேச்சும் பின்னாளில் வேரூன்றியது. பொறியாளர் என்பர் சிலர்; அதிகாரி என்பர் சிலர்.

போர்க்கப்பலில் பதவியின்றி ஒருவர் இருத்தல் அரிது. பதவி இருந்தால் பதிவும் இருக்கும். நெய்வேலியில் பணிபுரியும் நம் அன்பர்களுக்குப் பணிப்பதிவேட்டின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்நாளைய ஆங்கிலக் கடற்படையில் மாலுமி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. பிறந்த ஊர், ஏறிய கப்பல்கள், நடத்தை யாவும் அந்த எண்ணின் கீழ் வந்தன. அவர் பீரங்கி மேலாளராகவோ தச்சராகவோ உயர்ந்து 'வாரண்ட்' அதிகாரியானால் மாலுமிப் பதிவு அங்கே முடிந்து, அதிகாரிகளுக்குரிய வேறோர் ஏட்டில் வாழ்க்கை தொடர்ந்தது. இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒருவருடைய முழுப் பணியும் விளங்கும். ஒன்றை மட்டும் பார்த்தவர், ஆள் பாதியிலேயே மறைந்துவிட்டார் என்று மயங்குவார். ஜெர்மானியக் கடற்படையிலும் மாலுமிக்கும் அதிகாரிக்கும் இடையே இத்தகைய நடுநிலைப் பதவியினர் இருந்தனர்.

எம்டனில் இருந்தோரின் வரலாறும் அவ்வாறே தேடப்பட்டது. 1914 நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதனை வீழ்த்தியது. மாண்டோர் நூற்று முப்பதின்மருக்கும் மேல். பிடிபட்டோர் மால்டாவில் சிறையிருந்தனர். தீவில் இறங்கியிருந்த துணைத் தலைவர் ஃபான் மியூக்கே தம் ஆட்களுடன் 'அயேஷா' என்னும் பாய்க்கப்பலில் தப்பி, அரபு நாட்டைக் கடந்து துருக்கி சேர்ந்தார். கப்பலில் துணி வெளுத்த சீனர்கள் மூவர் இறந்ததும் பதிவாகியுள்ளது. வெளுப்போரையும் விடாமல் எண்ணிய கணக்கில் இந்தியப் பொறியாளர் ஒருவர் விடுபட்டிருப்பாரா? அந்தக் கணக்கில் பிள்ளையின் பெயர் இல்லை.

நாட்கணக்கும் இடந்தரவில்லை. எம்டன் 1914 ஜூலை இறுதியில் சீனத்தின் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, பசிபிக் கடல் வழியே வங்கக் கடலுக்கு வந்தது. பிள்ளையோ அப்போது சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லின் சென்றார். குண்டு விழுந்த இரவில் அவருக்கும் சென்னைக்கும் இடையே பல ஆயிரம் கல் தொலைவு இருந்தது.

இதைச் சொல்லும்போது சில அன்பர்கள் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன். எனக்கும் முதலில் கசந்தது. ஆயினும் பீரங்கி ஏதுமின்றி, அயல் நகரத்தில் பகைவனின் பகைவனிடம் தன் நாட்டுக்காக வாதாடிய இளைஞன், எம்டனின் பொறியாளனைவிடப் பாடற்கு எளியவனா? அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்றுதான்.

1934இல் அவர் பெர்லினில் மறைந்தார். மனைவி லட்சுமிபாய் அவருடைய அஸ்தியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்தார். 1966 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் 'ஐ.என்.எஸ். டெல்லி' அதனைக் கொச்சிக்குக் கொண்டு வந்தது. பதிவேட்டை நம்பினால், செண்பகராமன் பிள்ளை தாய்நாட்டுக் கரைக்கு வந்த போர்க்கப்பல் அதுதான்.