புரட்சியாளர் யஷ்பால்

பிழைப்பின் பொருட்டுத் தலைநகரில் குடியேறிய தமிழர்களாகிய நாம், ஆண்டுவிழாதோறும் கம்பனையும் பாரதியையும் போற்றி மகிழ்கிறோம். நம்மைச் சூழ்ந்து வாழும் மக்களின் எழுத்தாளர்களை அறிவதும் நம் கடமையன்றோ? அவர்களுள் முன்னிற்பவர் இந்தி நாவலாசிரியர் யஷ்பால்.

இவர் 1903-ஆம் ஆண்டில் பஞ்சாபின் பிரோஸ்பூரில் பிறந்தார். லாகூர் தேசியக் கல்லூரியில் பகத்சிங், சுகதேவ் ஆகியோரின் தோழராகிப் புரட்சி இயக்கத்தில் சேர்ந்தார்.

1929 டிசம்பர் 23 அன்று, வைசிராய் இர்வின் பிரபு வந்த ரயில் டில்லியை நெருங்கியபோது தண்டவாளத்தின் கீழ் வெடிகுண்டு வெடித்தது. அதை வெடிக்கச் செய்தவர் யஷ்பாலே. வண்டி சேதமுற்றது, வைசிராய் உயிர் தப்பினார். காந்தியடிகள் இச்செயலை வன்மையாகக் கண்டித்தார். ரயில்வே ஊழியனாகிய எனக்கும் ஓடும் வண்டிக்குக் குண்டு வைத்ததைப் போற்ற மனம் இசையவில்லை. வைசிராயின் வண்டியாயினும், அதை ஓட்டியவர்கள் ஏழைத் தொழிலாளிகள் அல்லரோ? யஷ்பாலின் பெருமை அந்தக் குண்டில் இல்லை. அதன் பின்னர் அவர் ஏந்திய பேனாவில் இருக்கிறது.

1932 ஜனவரியில் அலகாபாத்தில் பிடிபட்ட அவருக்குப் பதினான்கு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. சிறையே அவருக்குக் கலாசாலை ஆயிற்று. அங்கே கதைகள் எழுதினார். இயக்கத் தோழியான பிரகாசவதியை 1936-இல் பரேலிச் சிறையிலேயே மணந்தார். 1938-இல் ஐக்கிய மாகாணக் காங்கிரஸ் மந்திரிசபை அரசியல் கைதிகளை விடுவித்தபோது வெளிவந்தார். லக்னோவில் தங்கி, 'விப்ளவ்' என்னும் பத்திரிகையை மனைவியாரின் துணையுடன் நடத்தினார். 'விப்ளவ்' என்றால் புரட்சி என்பது பொருள். முதல் நாவலாகிய 'தாதா காம்ரேட்' 1941-இல் வெளிவந்தது.

அவருடைய தலையாய படைப்பு, 1958-இலும் 1960-இலும் இரு பாகங்களாக வெளிவந்த 'ஜூட்டா ஸச்'. 'பொய்யான உண்மை' என்பது அதன் பொருள். லாகூரின் ஒரு சந்தில் வாழ்ந்த அண்ணன் ஜெயதேவ் புரி, தங்கை தாரா ஆகியோரின் வாழ்வைத் தேசப் பிரிவினை சிதறடித்த கதை அது. இலட்சியம் பேசிய அண்ணன் பதவியாசையால் தாழ்கிறான். சொல்லொணாத் துன்பமுற்ற தங்கையோ டில்லியில் அரசாங்க அதிகாரியாகித் தலைநிமிர்கிறாள். பழியை ஒரு மதத்தார்மேல் மட்டும் சுமத்தாமல், எல்லாத் தரப்பின் கொடுமையையும் ஆசிரியர் நடுநிலையோடு காட்டுகிறார். பகைவன்மீது குண்டெறியத் துணிவு வேண்டும். தன்னவர் குற்றத்தையும் எழுதுவதற்கு அதனினும் பெருந்துணிவு வேண்டும்.

1976-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற யஷ்பால், அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று காலமானார்.

நாம் இங்கு வந்தது கையில் பயணச்சீட்டுடன். விடுப்புக் கிடைத்தால் ஊர் திரும்பலாம். 1947-இல் லாகூரை விட்டு வந்தோர்க்குத் திரும்பும் சீட்டு இல்லை. அவர்களுடைய பேரர்கள் இன்று நம் அடுத்த வீட்டில் வசிக்கிறார்கள். அவர்களது குடும்பத் துயரை நாம் உணர இந்த நாவல் உதவும். நம் பிள்ளைகள் இந்தி கற்கிறார்கள். அவர்கள் இதை மூலத்திலேயே படித்து, பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வார்களாக!